நகத்தளவு வளைவு

சர்வே கல்லை அவள் கண்ணெதிரேதான் நட்டார்கள்.

கிணற்றுக்கும் தென்னைக்கும் நடுவே, வரப்பை ஒட்டி. மேலே பூசிய மஞ்சள் பெயின்ட் இன்னும் காயவில்லை.

மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்தாள்.

அங்கேதான் தாரணி இருக்கிறாள்.

மகள். நடை பழகிய கையோடு காய்ச்சலில் போனவள். அவ்வளவு சிறு பிள்ளையை எரிப்பதில்லை, தோட்டத்திலேயே புதைத்துவிடுவார்கள். அடையாளம் எதுவும் வைப்பதில்லை. வெளியாளுக்கு அது வெறும் மண்.

முதலில் புதைத்தது இங்கே அல்ல. மேற்கு மூலையில், வேம்பின் அடியில்.

புறவழிச்சாலை வருகிறது, மேற்கு மூலை வழியாகத்தான் போகிறது என்றார்கள். தை பிறந்ததும் மண் அள்ளும் வண்டி வந்துவிடும், ஒரு நாள்கூடத் தள்ளாது என்று அடித்துச் சொன்னார்கள்.

பிள்ளைமேல் லாரி ஓடுவதா?

அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. நல்ல நாள் பார்க்கவும் நேரமில்லை. அவள் கணவனே மண்வெட்டியை எடுத்தான். அந்த வேலைக்கு ஆள் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

பார்க்காதே என்றான். அவள் பார்த்தாள்.

கருவளையல் மட்டும் அப்படியே இருந்தது.

அதையும் மண்ணையும் சேலைத் துண்டில் முடிந்து கிணற்றடிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே பிள்ளையை இரண்டாம் முறை புதைப்பதற்கு ஊரிலிருந்து யார் வருவார்கள். இருவருமே அழுதுகொண்டார்கள்.

அந்த மண்வெட்டியை அவன் பிறகு தொடவில்லை. வேறு ஒன்று வாங்கிக்கொண்டான்.

தை பிறந்தது. வண்டி வரவில்லை.

பூமி பூஜை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள், போய்விட்டார்கள். எடுத்த ஒப்பந்தக்காரர் கட்டுப்படியாகவில்லை என்று கிளம்பினார். அடுத்தவர் ஓடையில் பாலத்துக்குத் தூண்களை நிறுத்திவிட்டு அவரும் கிளம்பினார். யாரோ வழக்குப் போட்டார்கள். செலவு இரண்டு மடங்காகிவிட்டது என்று பேப்பரில் வந்தது. தேர்தலுக்குத் தேர்தல் ரோடு வந்துகொண்டே இருந்தது.

மேற்கு மூலையில் ஒரு கூடை மண்ணைக்கூட யாரும் அள்ளவில்லை.

சும்மா தூங்கிய பிள்ளையை எழுப்பிவிட்டோமே. அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

இப்போது செலவைக் குறைக்கிறார்களாம். மழையில் நின்ற தூண்கள் இனித் தேறாதாம். ஓடை ஒடுங்கும் இடமாகப் பார்த்து ரோட்டைக் கிழக்கே கிணற்றடிப் பக்கமாகக் கொஞ்சம் வளைத்துவிட்டார்கள். வரைபடத்தில் அது நகத்தளவு வளைவு.

சர்வேயர் நல்ல மாதிரி. வெயிலில் முகம் கருத்திருந்தது. அவள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

"கெணறு, மோட்டாரு, தென்னை எல்லாம் எழுதிட்டேங்கம்மா. வேற ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

இல்லை என்று தலையாட்டினாள். என்னவென்று சொல்வாள்.

வரப்பில் நின்ற அவள் கணவன் கல்லையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சர்வேயர் ஜீப்பில் ஏறும்வரை அவள் பின்னாலேயே போனாள்.

"ஏனுங்க, இந்தத் தடவையாச்சும் நெசமாவே போட்டுருவீங்களா?"

ரோட்டுக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் சிரித்தார்.

"அது எங்க கையில இல்லீங்கம்மா. கல்லு நடச் சொன்னாங்க, நட்டுட்டோம்."

ஜீப் போனது. புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றாள்.

அவன் மெல்ல வந்து பக்கத்தில் நின்றான்.

"என்ன சொன்னாங்க?"

"போட மாட்டாங்களாமுங்க."

அவன் சரி என்றான்.