சர்க்கார் காவலில் ஒரு பசு

சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த மறுவருஷம், யாருடைய வயலிலோ மேய்ந்ததற்காகச் சர்க்கார் பவுண்டுப் பட்டியில் அடைத்திருந்த செவந்தியின் பசு செத்துப்போனது. மறுநாள் வயிறு ஊதி, கண்ணில் ஈ மொய்த்தது. நாற்றம் தாங்காமல் பக்கத்து அலுவலகத்தில் ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள்.

செவந்தி அந்த அலுவலகத்தில் போய் நின்றாள்.

“நாய் கடிச்சு இழுக்குதுங்கய்யா. பொதைக்கவாச்சும் குடுத்துருங்க.”

“மாட்டு டாக்டர் வந்து செத்துருச்சுன்னு எழுதணும்மா,” என்றார் குமாஸ்தா உடையப்பன். “அதுவரைக்கும் அது சர்க்கார் காவல்ல இருக்கிற மாடு. தீனி போடணும், ரெண்டு வேளையும் கறக்கணும். ரூல்ஸ் அப்படி.”

“செத்த மாட்டையா?”

“ஒனக்குச் சொன்னா வெளங்காது. ஏய் ஆண்டிச்சாமி!”

காவல்காரன் ஆண்டிச்சாமி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பவுண்டுக்குள் போனான். ஈக்களை விரட்டிவிட்டு, விறைத்த கால்களுக்கிடையே குத்தவைத்து மடியைப் பிடித்தான். செம்பில் பால் நுரைத்து நிறைந்தது. செவந்தி வேலியோரம் போய் வாந்தியெடுத்தாள்.

சற்று நேரத்தில் எல்லா மேஜைக்கும் காபி வந்தது. எல்லோரும் குடித்தார்கள். உடையப்பன் மீசையில் ஒட்டிய ஆடையைத் துடைத்துக்கொண்டார்.

“நேத்தைவிட இன்னைக்கிக் கவிச்சி ஜாஸ்தி,” என்றார். “மாட்டுக்காரம்மாவுக்கும் ஒரு டம்ளர் குடு. சீனியக் கூடப் போட்டுக் குடு.”