கடைசி இரண்டு எண்கள்

“யோவ், உனக்கு வேற வேலையே இல்லையா?” என்று ஸ்பீக்கரில் கத்திவிட்டு எதிர்முனை போனை வைத்தது. அவர் கொஞ்சமும் அசராமல் அடுத்த எண்ணை அழுத்தினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த மனைவி சிரித்தாள். “ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு நல்ல மரியாதைதான்!”

மறுநாள் காலையில் அவளுக்கு ஆபரேஷன். “நம்ம பொண்ணு குரலை ஒரே ஒரு தடவை கேட்டுட்டா தைரியமா உள்ள போயிடுவேங்க” என்று சொல்லியிருந்தாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகளை, இனி இந்த வாசப்படியை மிதிக்காதே என்று விரட்டியவர் அவர்தான். பாவி மனுஷன், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மகளின் புது நம்பரை, அதைத் தர மறுத்த மகளின் தோழியுடைய போனில் மனைவி ஓரக்கண்ணால் பார்த்திருந்தாள். கடைசி இரண்டு எண்கள் மட்டும் மறந்து தொலைந்தன.

“அதனால என்ன? பூஜ்யம் பூஜ்யத்துல ஆரம்பிச்சு தொண்ணூத்தொன்பது வரைக்கும் ஒண்ணு விடாமப் போட்டுப் பார்ப்போம்” என்று சொல்லித்தான் தொடங்கியிருந்தார் கம்ப்யூட்டர் வாத்தியார். “கம்ப்யூட்டரும் இப்படித்தான் தேடும். மூளையே வேணாம், பொறுமை போதும். கிடைச்சதும் நிறுத்திடலாம்.”

ஒருத்தர் லோன் வேண்டாம் என்றார். ஒரு குழந்தை பாட்டுப் பாடியது. நாற்பதைத் தாண்டியதும் ஒரு பெண் எடுத்தாள். அவர் மகள் பெயரைச் சொல்லி, “அவ அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன்” என்றார்.

“அப்படி யாரும் இங்க இல்ல.”

“சரிம்மா. நல்லா இரு” என்று வைத்தார்.

“ராங் நம்பருக்கெல்லாம் ஆசீர்வாதமா?” என்று கிண்டலடித்துவிட்டு, மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, “போதுங்க, உங்களுக்குத் தொண்டை கட்டிடுச்சு” என்றாள்.

“பாதியில விட்டா அது தேடினதாவே ஆகாது.” கேட்ட கேள்வியையே கேட்டுக் கேட்டு, குரல் கம்மிப்போய், கடைசி எண் வரைக்கும் போய்த்தான் ஓய்ந்தார்.

“கிடைக்கலம்மா” என்றார், அவள் பக்கம் பார்க்காமல். “அந்தத் தோழிகிட்ட இருக்கிறது பழைய நம்பர் போல. அவ நம்பர் மாத்தியிருப்பா.”

மனைவி மெல்லத் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தலையணை ஈரமாக இருந்தது.

“இல்லைன்னு சொன்னா என்னங்க, அவ குரல்தானே! கேட்டுட்டேன்.”