மஞ்சளானுக்கு ஒரு கூட்டாளி

கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீர், பவளப்பாறை, பாசி எல்லாம் இருந்தன. மஞ்சளான் என்ற மீனுக்குத் துணைதான் இல்லை. தொட்டிக்காரர் புது மீன் வாங்கப் போகிறார் என்று கேட்டதும் அதற்குத் தலைகால் புரியவில்லை.

“தம்பி, வர்றவன் என்னை மாதிரியே இருக்கணும்! அதே நிறம், அதே குணம். பாறையை ஆளுக்குப் பாதியா வச்சுக்குவோம்!” என்று, தன் முதுகில் அழுக்கெடுத்துக்கொண்டிருந்த இறாலிடம் சொல்லித் துள்ளியது.

கடைக்குக் கிளம்புமுன் தொட்டிக்காரர், இன்னொரு மீனோடு மஞ்சளான் ஒத்துப்போகுமா என்று சோதிக்க, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தொட்டிக்கு வெளியே சாய்த்து வைத்தார்.

மஞ்சளான் திரும்பியது. எதிரே தகதகவென்று ஒரு மஞ்சள் மீன்!

“வந்துட்டான்டா!” என்று பாய்ந்தது. கிட்டே போனதும் அதன் வால் தானாகச் சிலிர்த்தது. எதிரே இருந்த மீனின் வாலும் சிலிர்த்தது.

“என் பாறைகிட்ட உனக்கென்னடா வேலை?”

முட்டியது, மறுபடி முட்டியது. தொட்டிக்காரர் சிரித்துக்கொண்டே கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார்.

“ஆளு எப்படிண்ணே?” என்றது இறால்.

“சீ! மூஞ்சியிலேயே திமிரு. விரட்டிட்டேன்ல!” வீங்கிய மூக்கோடு மறுபடி துள்ளியது மஞ்சளான். “அடுத்து வர்றவனாவது என்னை மாதிரி நல்லவனா இருக்கட்டும். எப்படித் தாங்குறேன்னு மட்டும் பாரு!”