குந்தாரப்பள்ளி ஒழுக்கு

வெள்ளிக்கிழமைதோறும் ஓசூருக்குப் போகும் கங்கப்பனின் பழைய கார், வழியில் குந்தாரப்பள்ளியில், சரியாக அவர் மாமனார் வீட்டெதிரே கொதித்து நின்றுவிடும்.

“சனியன் புடிச்ச காரு! நிக்கறதுக்கு வேற எடமே கெடைக்கலியா?” என்று கத்துவார் கங்கப்பன்.

மச்சினன் கல்யாணப் பந்தியில் தனக்குக் கறி கடைசியாக வந்ததென்று, “இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்” எனச் சபதம் போட்டவர் அவர். அதனால் காரை விட்டு இறங்கவே மாட்டார்.

டிரைவர் முனிவேல் போய்த் தண்ணீர் கேட்பான். தண்ணீரோடு மாமியார் நாகம்மா களியும் கோழிக்குழம்பும் கொண்டுவந்து கார் ஜன்னலில் நீட்டுவார்.

“சோத்து மேல என்ன கோவம்?” என்று முனகிக்கொண்டே வழித்துச் சாப்பிடுவார் கங்கப்பன்.

முதலாளி படும் அவமானம் முனிவேலுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காருக்கடியில் படுத்து ஒழுக்கைத் தேடினான். ரப்பர் குழாய் நன்றாக இருந்தது. ரேடியேட்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகுதான் லேசாகத் திறந்திருந்தது. இறுக்கி மூடி, கம்பியால் முறுக்கிக் கட்டினான்.

அந்த வெள்ளிக்கிழமை கார் குந்தாரப்பள்ளியைப் பறந்து தாண்டியது.

“ஏண்டா, காரு சூடாவலியா?”

“ஒழுக்க அடைச்சுட்டேனுங்க. இனிமே அந்த வூட்டுத் தண்ணியே நமக்கு வேணாம்.”

ஓசூரில் கங்கப்பன் ஓட்டல் சாப்பாட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த வெள்ளி விடிகாலையில் முனிவேல் வந்தபோது, காருக்கடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தான். கங்கப்பன், கையில் குறடு.

“இப்படியாடா முறுக்குவ? நின்னு வேடிக்கை பாக்காம வந்து கம்பிய அவுத்து வுடு. அங்க கோழி அடிச்சிருப்பாங்க!”