ரேஞ்சர் வீட்டு மருமகள்

"ஏம்ப்பா, இதுவா விறகு அடுக்குற லட்சணம்? சாரல் அடிச்சா மொத்தமும் நனைஞ்சு போகாதா?"

காரை விட்டு இறங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை. மாமனார் ஆரம்பித்துவிட்டார்.

மருமகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதட்டு வாங்கிய விடுதிக்காரருக்கே ஐம்பத்தைந்து வயதுக்குக் குறையாது.

"நான் இங்க ரேஞ்சரா இருந்தவன், தெரியுமில்ல?"

விடுதிக்காரர் அவரை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"ஒரு நிமிஷம் சார். உள்ள கொஞ்சம் ஒழுங்குபண்ணிட்டுக் கூப்பிடுறேன்."

நூறு வருடத்து மரவீடு; ஒரு காலத்தில் வனத்துறை ரேஞ்சர் குடியிருந்தது, இப்போது விடுதி. மின்சாரம் கிடையாது. எண்பதாவது பிறந்தநாளுக்கு, அப்பா வேலை பார்த்த இடத்திலேயே ஒரு ராத்திரி தங்கவைக்க வேண்டுமென்று அவள் கணவன் பிடிவாதமாகக் கூட்டிவந்திருந்தான். "வேண்டாம்டா, அந்தக் காட்டுல என்ன இருக்கு" என்று கடைசிவரை மறுத்தவர்தான் அவர். இப்போது கால் தரையில் பாவவில்லை.

கணப்பு புகைகிறது. விளக்குத் திரியை ஒழுங்காக நறுக்கவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இல்லை. தூங்கப் போகும்வரை ஒரே அதிகாரம். விடுதிக்காரரோ எல்லாவற்றுக்கும் "ஆகட்டும் சார்".

'டிப்ஸுக்கு அடிபோடுறார்' என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குத்தான் இது பன்னிரண்டு வருடக் கதை ஆயிற்றே. வீட்டில் ஒரு தம்ளர் உடைந்தால்கூட, "ரேஞ்சர் வீட்டு மருமக செய்யுற வேலையா இது? பஸ் டிரைவர் பொண்ணுக்கு எங்க தெரியப்போகுது" என்பார்.

காலையில் கம்பளிகளை மடித்து, பின்னறையில் வைக்கப் போனாள். கம்பளி அடுக்குக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஒரு பழைய போட்டோ.

நடுவில் நாற்காலியில் ஒருவர். கீழே 'ரேஞ்சர்' என்று எழுதியிருந்தது. பின்னால் நாலு பேர் நின்றார்கள். கடைசியில் லாந்தரோடு நின்றவருக்கு அதே மூக்கு, அதே நெற்றி. சாட்சாத் மாமனார்!

அவருக்குக் கீழே எழுதியிருந்தது: 'வாட்சர்.'

பன்னிரண்டு வருடம்! கை தானாக செல்போனை எடுத்து அதைப் படம் பிடித்தது.

"யார்கிட்டயும் காட்டிடாதீங்கம்மா."

வாசலில் விடுதிக்காரர்.

"உங்களை இந்த ஆட்டு ஆட்டினாரே, அவர் ரேஞ்சரே இல்லைங்க! வெறும் வாட்சர், காட்டுக் காவல்காரர்!"

"தெரியும்மா. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதான் ஹால்ல மாட்டியிருந்ததை ஓடிப்போய்க் கழட்டி இங்க ஒளிச்சு வச்சேன்."

"எதுக்கு?"

"ரேஞ்சர் மேல ஒரு மரம் விழுந்து, ரெண்டு வருஷம் இந்த வீட்டுலயே படுத்த படுக்கை. மேலிடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிடும், பொண்டாட்டி பிள்ளையோட தெருவுல நிக்கணும். இவர்தாம்மா அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். ராப்பகலா காட்டைச் சுத்திட்டு வந்து சொல்வார், ரேஞ்சர் படுத்துக்கிட்டே எழுதிக் கையெழுத்துப் போடுவார். வெளிய ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. ரேஞ்சர் வேலை பார்த்தவர் தன்னை ரேஞ்சர்னு சொல்லிக்கிட்டா என்ன தப்பு?"

"இவ்வளவும் உங்களுக்கு யார் சொன்னது?"

"எங்கம்மா." போட்டோவை வாங்கி, நாற்காலியில் இருந்தவரின் முகத்தைத் துண்டால் துடைத்தார். "இது எங்கப்பா."

அவள் செல்போனில் எடுத்த படத்தை அழித்தாள்.

வெளியே மாமனார் காரில் ஏறிக்கொண்டிருந்தார். "இவ்வளவு நேரமா? டிரைவர் பொண்ணுக்கு..."

"உள்ள என்ன பார்த்துக்கிட்டிருந்த?" என்றான் கணவன்.

"பழைய போட்டோ ஒண்ணு கண்ணுல பட்டதுங்க."

கார்க் கதவைப் பிடித்திருந்த மாமனாரின் கை அப்படியே நின்றது. முகம் வெளுத்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"யார் போட்டோ?" என்றான் கணவன்.

"மாமாவோடதுதான். இங்க ரேஞ்சரா இருந்தப்ப எடுத்தது."