பிடித்துக்கொள்ள ஒரு தோள்

"என் தோளைப் பிடிச்சுக்கோ. ஒரே ஒரு அடி."

விபத்தில் இடுப்பெலும்பு உடைந்த தோழி ஒரு கையால் வாக்கரையும் மறுகையால் என் தோளையும் பிடித்து எழுந்தாள். உடனே கட்டிலில் சரிந்தாள்.

"முடியலடி."

"பிசியோ டாக்டர் நீ இந்நேரம் நடந்திருக்கணும்னு சொல்றார்."

"அவரையே நடக்கச் சொல்லு."

போனில் என் மாமியார். "அவ நடந்துட்டா சொல்லு. அப்புறம் நீ வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதில்ல."

"இன்னும் இல்ல அத்தை."

கீழே கணவரின் ஹார்ன் ஒலித்தது. படியிறங்கி ஓடினேன். தெருக்கதவைத் திறக்கும்முன் பின்னால் காலடிச் சத்தம். தோழி என் போனை நீட்டினாள். கையில் வாக்கர் இல்லை.

"மறந்துட்டுப் போறியே. எடுக்கலன்னா உங்க அத்தை சும்மா விடுவாங்களா?"

"எப்பலேர்ந்துடி நடக்கிற?"

"மெதுவா பேசு. நான் நடந்துட்டா உன்னை யாரு வெளிய விடுவா? நாளைக்கும் வந்து பிடிச்சுக்கோ."