அழகான திருஷ்டி பொம்மை

காகிதக்கூழில் திருஷ்டி பொம்மை செய்கிற கொளஞ்சி, போன் பேசிக்கொண்டே பிரஷ் பிடித்ததில், ஒரு பொம்மைக்குக் கோரைப்பல்லும் நாக்கும் வைக்க மறந்துபோனார். அதன் வாயில் கல்யாண மாப்பிள்ளையின் சிரிப்பு அப்படியே தங்கிவிட்டது. பொம்மைக்குத் தலைகால் புரியவில்லை.

புது வீடு கட்டுகிறவர்கள் வந்து கோர முகங்களாகப் பார்த்து வாங்கிப் போனார்கள்.

“அசிங்கத்தையெல்லாம் கழிச்சுக் கட்டுறாரு. என்னைப் பிரியத்தான் அவருக்கு மனசு வரல,” என்றது சிரித்த முகப் பொம்மை.

பக்கத்து ஆணியில் முழி பிதுங்கத் தொங்கிய பொம்மை, “அட, உன்னைப் பாத்தா ஒருத்தருக்கும் பயம் வரலப்பா. அதான் யாரும் வாங்கல,” என்றது.

“உனக்குப் பொறாமை!”

மறுநாள் கொளஞ்சி அதை இறக்கி மடியில் வைத்தார். கொஞ்சத்தான் போகிறார் என்று அது கன்னத்தைக் காட்டியது. அவரோ இரண்டு கோரைப்பல்லும் தாடை வரை தொங்கும் சிவப்பு நாக்கும் வரைந்துவிட்டார். அன்றைக்கே விற்றுப்போனது.

புது வீட்டு வாசலில் கட்டியதும், எதிரே நின்ற காரின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து ஓவென்று அழுதது.

“எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ! முன்னாடியே எனக்கும் ஒரு திருஷ்டி பொம்மை கட்டியிருக்கக் கூடாதா?”